புது லேப்டாப் வாங்கியாச்சு, இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்ததும் பல வீடுகளில் அடுத்த பெரிய செலவு லேப்டாப்தான். நான் சொல்லிக் கொடுக்கும் கணினிப் பயிற்சி மையத்துக்கு ஜூன் மாதத்திலிருந்தே பிள்ளைகளும் பெற்றோரும் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

எல்லாமே விண்டோஸ் 11 ஹோம் போட்டு வருகிற லேப்டாப்பை வைத்துச் சொன்னவை. மேக்புக் வேறு வழி. ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ரேம் எவ்வளவு, பிராசசர் என்ன என்று எல்லோரும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். லேப்டாப்பில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கு, அதாவது உள்ளே நுழையக் கொடுத்த மின்னஞ்சலும் பாஸ்வேர்டும், யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் வருஷத்தில் பிள்ளைகள் கண்கலங்கி வந்து நிற்பது பெரும்பாலும் அந்தக் கணக்கால்தான்.

அக்கா, பெட்டியைப் பிரிச்சதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணுமாமே?

வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது வருபவை லித்தியம் வகை பேட்டரிகள். சார்ஜரைச் சொருகியதும் ஆன் செய்து வேலையை ஆரம்பிக்கலாம். சில லேப்டாப்கள் முதல் தடவை சார்ஜர் சொருகினால்தான் உயிர் பெறும். அதற்குமுன் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. அதைப் பார்த்துப் பயந்து கடைக்கு ஓட வேண்டாம்.

முதல் செட்டப் முடியும்வரை மட்டும் சார்ஜர் சொருகியே இருக்கட்டும். அப்டேட் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் தொல்லை.

பில்லைத் தவிர வேற எதைப் பத்திரப்படுத்தணும்?

லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கடை பில்லின் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும், போட்டோ மங்காது.

அப்புறம், கம்பெனியின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரன்ட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த சரக்காக இருந்தால், நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பிருந்தே வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். பில்லைக் காட்டித் தேதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். முதல் வாரத்திலேயே கேட்டால் வேலை சுலபம்.

கடையிலேயே ஆன் பண்ணி எல்லாம் போட்டுத் தர்றோம்னாங்க. நமக்கு வேலை மிச்சம்தானே?

ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. திரையில் புள்ளி விழுந்திருக்கிறதா, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

காரணம் இதுதான். விண்டோஸ் 11 ஹோம் செட்டப் ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்காமல் மேலே நகராது. கடையில் கூட்டம், வேலை செய்யும் தம்பிக்கு நேரமில்லை. கையில் இருக்கிற ஏதோ ஒரு கணக்கைப் போட்டோ, அந்த நிமிஷத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கியோ முடித்துவிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் உங்கள் லேப்டாப்போடு வந்த ஆபீஸ் (வேர்டு, எக்ஸெல்) உரிமம், ஹார்ட் டிஸ்க் பூட்டின் சாவி, தொலைந்தால் தேடும் வசதி எல்லாம் அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். அதன் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் இருந்திருக்கும். சீட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, லேப்டாப்பைப் பயன்படுத்தப்போகிற பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில், பிள்ளையின் செல் நம்பரைக் கொடுத்துத் தொடங்குங்கள். ஜிமெயில் முகவரியை வைத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கலாம். புதிதாக அவுட்லுக் முகவரி வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பாவின் நம்பரைத் துணை நம்பராகச் சேர்த்துவிட்டால், பிள்ளை சிம் மாற்றினாலும் கணக்கு கையை விட்டுப் போகாது.

வீட்ல வைஃபை இல்லை. செல்போன் நெட் வச்சு செட்டப் பண்ண முடியுமா?

முடியும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். தினமும் ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் பிளான் என்றால்தான் கவனம் தேவை. கணக்கு போட்டு உள்ளே நுழைவதற்கு அதிக டேட்டா ஆகாது. உள்ளே போனதும் விண்டோஸ் சத்தமில்லாமல் அப்டேட்களை இறக்க ஆரம்பிக்கும்; அன்றைய டேட்டா அதிலேயே காலியாகிவிடும்.

அதனால் உள்ளே போன உடனே செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்கள் நின்றுவிடும். பிறகு வைஃபை உள்ள இடத்தில், ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து எல்லா அப்டேட்டையும் ஓடவிடுங்கள். புது லேப்டாப்பின் முதல் அப்டேட் பல ஜிபி வரும், நடுவே சில தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். ‘அணைக்காதீர்கள்’ என்று திரை சொல்லும்போது அணைக்காமல் இருந்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு, பின், கைரேகை... எது எதுக்கு? எல்லாம் ஒண்ணுதானா?

பாஸ்வேர்டு கணக்குக்கு உரியது. உலகத்தில் எந்தக் கணினியிலிருந்தும் அதை வைத்து உங்கள் கணக்கைத் திறக்கலாம். பின் என்பது திரையைத் திறக்க நீங்கள் வைக்கும் எண்; இந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் உரியது. அது இணையத்துக்குப் போவதே இல்லை. உங்கள் பின்னை விடுதி நண்பன் எட்டிப் பார்த்துவிட்டாலும், லேப்டாப் அவன் கையில் இல்லாமல் அதனால் பயனில்லை. கைரேகையும் முகமும் பின்னுக்குப் பதிலாக வருபவை. அவையும் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், தினமும் பின் போட்டே பழகிப் பாஸ்வேர்டு மறந்துபோகிறது. அதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். எழுதி வைப்பது பாதுகாப்பில்லை என்பார்கள். வீட்டு பீரோவில் இருக்கிற நோட்டால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

512 ஜிபின்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க. உள்ள பார்த்தா 476-தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. அது நூறு கோடியைவிட ஏழு சதவீதத்துக்கு மேல் பெரியது. அதனால் 512 என்பது 476 ஆகவும், ஒரு டிபி என்பது 931 ஆகவும் தெரியும். அதிலும் மீட்புக்கென்று கொஞ்சம் ஒதுக்கியிருப்பார்கள்.

ரேம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க செட்டிங்ஸ், சிஸ்டம், கடைசியில் அபௌட். பில்லில் போட்ட பிராசசரின் பெயரும் அங்கேயே இருக்கும். இரண்டையும் வாங்கிய அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்க மாமா ஆபீஸ்ல விண்டோஸ் 10 தான் வச்சிருக்காங்க. அதுதான் பழக்கம். இதுலயும் 10 போட்டுக்கலாமா?

வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புது லேப்டாப்பில் அதைப் போட்டால், உள்ளே இருக்கும் பாகங்களை இயக்கும் ‘டிரைவர்’ நிரல்கள் சரியாகக் கிடைக்காத சிக்கலும் வரலாம். மாமாவுக்கு இடிப்பது பெரும்பாலும் ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பதுதான். பர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய் அதை இடது ஓரத்துக்கு மாற்றிக் கொடுங்கள்.

கூகுள்ல இருந்து சாஃப்ட்வேர் இறக்கினா ‘ஸ்டோர்ல இருந்து மட்டும்தான் போடலாம்’னு வருது. லேப்டாப்ல கோளாறா?

சில லேப்டாப்கள் ‘எஸ் மோட்’ என்ற கட்டுப்பாட்டோடு வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பகுதியில் அதிலிருந்து வெளியேறலாம். காசு கிடையாது. ஒரு தடவை வெளியே வந்தால் திரும்ப அதற்குள் போக முடியாது. பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு எப்படியும் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கணுமா? உங்க லேப்டாப் ஆபத்துல இருக்குன்னு தினமும் பெட்டி பெட்டியா வருது.

அந்தப் பயமுறுத்தல் பெரும்பாலும் லேப்டாப்போடு சேர்ந்து வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காட்டுவது. காலம் முடியப்போகிறது, பணம் கட்டு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ் ஓடும்போது அது ஒதுங்கி நிற்கும். அந்த வேறு ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்ததும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். கல்லூரி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அது போதும் என்பது என் முடிவான கருத்து.

ஆனால் கிராக் போட்ட சாஃப்ட்வேரை இறக்குவதற்காக டிஃபெண்டரை அணைத்தால் எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்றாது. ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு’ என்று ஒரு வீடியோ சொன்னால், அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

வேர்டு, எக்ஸெல் இருக்கு, ஆனா திறந்தா காசு கேக்குது. பில்லுல ஆபீஸ் ஃப்ரீன்னு போட்டிருக்காங்களே?

இரண்டு வகை உண்டு. ‘ஆபீஸ் ஹோம்’ என்ற பெயரில் வருவது அந்த லேப்டாப் உள்ளவரை செல்லும். ‘மைக்ரோசாஃப்ட் 365’ என்பது சந்தா. சில நேரம் ஒரு வருஷத்துக்கு, சில நேரம் ஒரு மாதத்துக்கு மட்டும். பில்லில் எது என்று பாருங்கள். முதல் வகை என்றால் வேர்டைத் திறந்து, உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, அதை உரிமையாக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கெடு உண்டு. வாங்கிய வாரத்திலேயே முடித்துவிடுங்கள். எந்தக் கணக்கில் உரிமையாக்கினீர்களோ அந்தக் கணக்கோடு அது ஒட்டிக்கொள்ளும். கடையில் கணக்கு போட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

ஆபீஸ் வரவே இல்லை என்றால் முதலில் கல்லூரியில் கேளுங்கள். கல்லூரி தரும் மின்னஞ்சல் வழியாக ஆபீஸை இலவசமாகப் பயன்படுத்தும் வசதி பல இடங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. முழுக்க இலவசம், மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், வேர்டு கோப்புகளையும் திறக்கும்.

தமிழ்ல டைப் பண்ண தனியா சாஃப்ட்வேர் போடணுமா, டீச்சர்?

தேவையில்லை. விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதில் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’. அங்கே தமிழ் (இந்தியா) சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கப் பழகியவர்கள் ஃபோனெட்டிக் எடுக்கலாம். நான் தமிழ்99-ஐத்தான் சிபாரிசு செய்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது; 2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது.

இதில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ அடிக்க நான்கே தட்டல், ஆங்கிலக் கீகளின் பெயரில் சொன்னால்: ஏ, கே, கே, கியூ. ஏ என்ற கீயில் அ, கே என்ற கீயில் ம, கியூவில் ஆ. ம இரண்டு தடவை வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘அப்பா’ என்றால் ஏ, ஜே, ஜே, கியூ. தனியாகப் புள்ளி வைக்க எஃப் கீ. கொஞ்ச நாள் விடாமல் அடித்தால் விரல் தானே போய் நிற்கும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பார்.

அப்பா பழைய கம்ப்யூட்டர்ல அடிச்ச தமிழ் லெட்டர் இதுல திறந்தா ஒரே ஆங்கில எழுத்தா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். எந்த எழுத்துருவோ அதை நிறுவினால் பழையபடி தெரியும். ஆனால் அதோடு விடாமல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒன்றைக் கொண்டு, இப்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அதன்பின் போனிலும் படிக்கலாம், தேடினாலும் கிடைக்கும்.

எஃப் 5 அழுத்தினா பக்கம் ரிஃப்ரெஷ் ஆகலை, வெளிச்சம் கூடுது. மவுஸ் இல்லாம ரைட் கிளிக்கும் வர மாட்டேங்குது.

மேல் வரிசை கீகளுக்கு இப்போது இரட்டை வேலை. இடது கீழ் ஓரத்தில் இருக்கும் எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தினால் மற்ற வேலையைச் செய்யும். பல மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் நிரந்தரமாக மாறிக்கொள்ளும்.

டச்பேடில் இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் ரைட் கிளிக். இரண்டு விரலை மேலும் கீழும் இழுத்தால் பக்கம் நகரும். மூன்று விரலை மேலே இழுத்தால் திறந்திருக்கிற எல்லா ஜன்னலும் வரிசையாகத் தெரியும். இவற்றோடு, விண்டோஸ் கீயும் வி-யும் அழுத்தினால் முன்பு காப்பி செய்தவற்றின் பட்டியல் வரும் (முதல் தடவை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும்). விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். விடுதியில் எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் கீயும் எல்லும்; திரை பூட்டிக்கொள்ளும்.

தினமும் ஷட் டவுன் பண்ணித்தான் வைக்கிறேன். ஆனாலும் ஸ்லோவா இருக்குன்னா ‘ரீஸ்டார்ட் பண்ணியா?’ன்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் அடிப்பகுதியை மூடாமல் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு சீக்கிரம் எழுகிறது. முந்தின நாள் சிக்கலும் கூடவே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்கிறவர்களுக்கும் அதில் பல நாள் காட்டும். வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் நல்லது.

மூடியை மட்டும் மூடினால் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகும். மேசையில் இருந்தால் சரி. இன்றைய லேப்டாப்கள் ஸ்லீப்பிலும் இடையிடையே விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் தேடும். பைக்குள் அப்படி நடந்தால் சூடு வெளியேற வழியில்லை. பஸ்ஸில் போய்த் திறந்து பார்த்தால் கொதிக்கிறது, சார்ஜும் பாதி இல்லை என்பதற்குக் காரணம் இது. பையில் வைக்கும் முன் ஷட் டவுன் செய்யுங்கள். இல்லையென்றால் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ‘ஹைபர்னேட்’ (திறந்திருப்பதை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுக்க அணைவது) என்று மாற்றி வையுங்கள்.

சார்ஜரைச் சொருகியே வச்சு வேலை பார்த்தா பேட்டரி போயிடுமா?

உடனே போகாது. ஆனால் எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். நம் ஊர் மே மாதமே பாதி சூட்டைத் தந்துவிடுகிறது. பல கம்பெனிகள் தங்கள் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி வைத்திருக்கின்றன. லெனோவோவில் ‘கன்சர்வேஷன் மோட்’, ஏசூஸில் ‘பேட்டரி கேர்’ என்று பெயர். பெரும்பாலும் மேசையிலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள் அதை ஆன் செய்துவிட்டுச் சார்ஜரைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். மெத்தை, தலையணை மேல் மட்டும் வைக்காதீர்கள். பல லேப்டாப்களில் காற்று உள்ளே போகும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது.

வோல்டேஜ் ஏறி இறங்குகிற வீட்டில் ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். சார்ஜர் கட்டியிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். வேண்டாம். இடி மின்னலின்போது கழற்றி வைப்பதுதான் முக்கியம்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மேல கை வச்சா சுர்ருன்னு இருக்கு. ஷாக் அடிக்குதா? திருப்பிக் கொடுத்துடவா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் உலோக உடல் கொண்ட லேப்டாப்காரர்களிடமிருந்து வரும். விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தடவினால் ஒரு அதிர்வு மாதிரி தெரியும். டெஸ்டரை வைத்தால் அதில் விளக்கும் எரியும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிவது இயல்பு. அது எர்த் வழியாகப் போய்விட வேண்டும். போக வழியில்லாதபோது உங்கள் கை வழியாகப் போகிறது.

வழியை அடைப்பது பெரும்பாலும் நாம்தான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டைக்குள் நுழைக்கக் கடையில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுகிறோம். மேலே இருக்கிற பெரிய பின்தான் எர்த். அது அந்தரத்தில் நிற்கிறது. மூன்று பின் சாக்கெட்டில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். சுர் நின்றுவிட்டால் லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்த சாக்கெட்டுக்கு எர்த் வயரே வரவில்லை என்று பொருள்; பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள், வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் சேர்த்து நல்லது. சில சார்ஜர்கள் வரும்போதே இரண்டு பின்னோடுதான் வரும். அவற்றில் லேசான சுர் இருக்கத்தான் செய்யும்.

கையை வெடுக்கென்று இழுக்க வைக்கிற அடியாக இருந்தால் அது வேறு. உடனே சுவிட்சை அணைத்து, அந்தச் சார்ஜரை மறுபடி தொடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

சி டிரைவ் மட்டும்தான் இருக்கு. டி, இ எல்லாம் பிரிச்சுப் போடணும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார்.

பிரிக்கலாம். விண்டோஸில் இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைச் சுருக்கி இன்னொன்று உருவாக்கலாம். ஆனால் எனக்கு அதில் பயன் தெரியவில்லை. டி-யில் வைத்தால் ஃபைல் பத்திரம் என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிதான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். ஒரு வருஷம் கழித்து சி நிரம்பி வழியும், டி காலியாகக் கிடக்கும். அண்ணனின் அக்கறை நியாயம்தான், அதற்குத் தீர்வு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்.

டெஸ்க்டாப்ல வச்ச ஃபைலை போன்ல இருந்து அழிச்சேன். லேப்டாப்லயும் காணோம்! எப்படி?

செட்டப்பின்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போனீர்கள் இல்லையா, அப்போதே மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் தன் பொறுப்பில் எடுத்திருக்கும். அவை இப்போது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. போனில் பார்ப்பதும் லேப்டாப்பில் பார்ப்பதும் ஒரே ஃபைல். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பயப்பட வேண்டாம்; ஒன்டிரைவ் தளத்தில் ரீசைக்கிள் பின் இருக்கிறது, 30 நாள் வரை மீட்கலாம்.

இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டும். படங்களைப் போட்டால் சீக்கிரம் நிரம்பி, காசு கேட்டு அறிவிப்பு வரும். டாஸ்க்பாரில் இருக்கும் மேகக் குறியைத் தொட்டு, செட்டிங்ஸ், ‘மேனேஜ் பேக்கப்’ போய், பிக்சர்ஸை மட்டும் விலக்கிவிடுங்கள், டாக்குமென்ட்ஸ் இருக்கட்டும். லேப்டாப் திருடுபோனாலும் புராஜெக்ட் ரிப்போர்ட் மிஞ்சும். விலக்கும்போது ஃபைலை லேப்டாப்பில் வைக்கவா, ஒன்டிரைவில் வைக்கவா என்று கேட்டால் லேப்டாப் என்று சொல்லுங்கள். அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டு ஃபோல்டர் காலி என்று பதறுகிறவர்கள் உண்டு. ஃபைல் எங்கும் போயிருக்காது, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அதே பெயரில் பாருங்கள்.

ஃபைல் பக்கத்தில் வெறும் மேகப் படம் இருந்தால் அது லேப்டாப்பில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. நெட் இல்லாத இடத்தில் செமினார் கொடுக்கப் போகும் முன், அந்த பிபிடியை ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு நீல ஸ்கிரீன் வந்து 48 நம்பர் கேக்குது. அப்படி எதுவுமே நான் போடலையே அக்கா!

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகிப் பூட்டிக்கொள்ளும். தினமும் அது தானாகத் திறப்பதால் பூட்டு இருப்பதே தெரியாது. லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் அப்டேட் ஆனாலோ, சர்வீஸில் போர்டு மாற்றினாலோ, பூட் செட்டிங்கில் யாராவது கை வைத்தாலோ, ‘நிஜமாகவே உரிமையாளர்தானா?’ என்று ஒரு தடவை கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுப்பு. அதுதான் ரெகவரி கீ.

அந்தச் சாவி செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. போனில் அந்தக் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் ரெகவரி கீ தெரியும். நீலத் திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அடியுங்கள். சாவி எங்கும் கிடைக்காவிட்டால் டேட்டாவை மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. டிஸ்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடலாம், அவ்வளவுதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் லேப்டாப் நல்லபடியாக ஓடுகிறது என்றால், இப்போதே அந்தச் சாவியை எடுத்து, பாஸ்வேர்டு எழுதிய நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

நான் ஏற்கெனவே கடையிலேயே கணக்கு போட்டுட்டேன். யார் மெயில்னே தெரியலை. இப்ப என்ன பண்றது?

வாங்கி ஓரிரு நாள்தான், உள்ளே ஒன்றும் சேர்க்கவில்லை என்றால் வழி சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து, எல்லாவற்றையும் அழி என்று சொல்லுங்கள். விண்டோஸ் உரிமம் லேப்டாப்பின் போர்டிலேயே பதிந்திருப்பதால் அது போகாது. முதல் திரையிலிருந்து மறுபடி தொடங்கி உங்கள் கணக்கைப் போடுங்கள்.

பல மாத வேலை உள்ளே இருக்கிறது என்றால் அழிக்க வேண்டாம். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸில் உங்கள் கணக்கைச் சேர்த்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அந்தக் கணக்கில் நுழைந்து, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் டிவைஸ் என்கிரிப்ஷனை (மேலே சொன்ன டிஸ்க் பூட்டு) ஆஃப் செய்யுங்கள். பூட்டு முழுக்கக் கழலக் கொஞ்ச நேரம் ஆகும், சார்ஜரோடு விடுங்கள். முடிந்ததும் மறுபடி ஆன் செய்தால், முந்தைய பதிலில் சொன்ன ரெகவரி கீ புதிதாக உருவாகி உங்கள் கணக்குக்குப் போகும். போனிலிருந்து நுழைந்து, சாவி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய கணக்கை நீக்க வேண்டும். நீக்கும்போது அதன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சேர்ந்து அழியும். அதனால்தான் பிரதி எடுக்கச் சொன்னேன்.

ஆபீஸ் மட்டும் இதில் தப்பாது. அது பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியின் மேலேயே அந்த மின்னஞ்சல் முகவரி தெரியும். பழைய கணக்கை நீக்கும் முன் அதை எழுதிக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போய், அந்த மெயிலின் பாஸ்வேர்டையும் அதில் பதிந்த செல் நம்பரையும் உங்களுடையதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.